பார்த்து எழுதியது

கொடிகாமம்
3.8.2025

உதயா,

இது அப்பா. யாரும் எழுதித் தரவில்லை. நானேதான் எழுதுகிறேன்.

நீ நம்பமாட்டாய். அம்மாவும் நம்பவில்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறா. "இஞ்சாருங்கோ, வசனத்துக்கு ஒரு தேத்தண்ணி எண்டால் சீனிக்கு நான் எங்கை போறது?" என்று கேட்கிறா. கேட்கட்டும். எழுபத்திரண்டு வயதுவரை இந்தக் கை தேங்காய் உரித்தது, வாழைக்குலை தூக்கியது, வங்கியில் பெருவிரல் வைத்தது. இப்போது உன் பெயரை எழுதுகிறது. உதயகலா என்று எழுதிவிட்டு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வைத்த பெயர். எழுதினால் இவ்வளவு வடிவாக இருக்கும் என்று வைத்தபோது எனக்குத் தெரியாது.

தை மாதம் முதல் பின்னேரங்களில் நான் வாசிகசாலைக்குப் போவது உனக்குத் தெரியும். பேப்பர் பார்க்கப் போகிறேன் என்றுதான் உனக்குச் சொன்னேன். பேப்பர் பார்க்க இல்லை, அங்கே எங்களைப் போன்றவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. ரீச்சர் பலகையில் ஒரு வசனம் எழுதுவா. நாங்கள் அதைப் பார்த்து அப்படியே கொப்பியில் எழுதவேண்டும். பார்த்து எழுதுவதில் நான்தான் முதல். "தம்பிஐயா ஐயாவின்ரை எழுத்து அச்சடிச்ச மாதிரி" என்று ரீச்சர் எல்லாருக்கும் காட்டினா. பார்க்காமல் சொந்தமாக எழுதுவதுதான் கஷ்டம். இந்தக் கடிதத்தை வியாழக்கிழமை தொடங்கினேன்.

போனில் கதைக்கலாமே என்று நீ கேட்பாய். எழுதத் தெரிந்தவன் எதற்குப் போனில் கதைக்கவேண்டும்?

உங்கள் கூட்டுறவுச் சங்கக் கந்தோர் மனேச்சர் இராசநாயகம் ஐயா மார்கழியோடு ஓய்வு பெறுகிறார் என்று சொன்னாய். அந்தக் கதிரை உனக்குத்தான். உனக்குப் பிறகு வந்த எத்தனை பேருக்கு நீ வேலை பழக்கியிருக்கிறாய்! சந்தையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

பதிலைக் கடிதமாக எழுது. நானே வாசிப்பேன்.

அப்பா


கொக்குவில்
8.8.2025

அன்பு அப்பா,

தபால்காரர் தந்த உறையில் இருந்தது யாருடைய எழுத்து என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே "இது அப்பா" என்று வாசித்ததும் படியிலேயே இருந்துவிட்டேன். பிள்ளைகள் ஓடிவந்து, "அம்மப்பாவுக்கு ஏதுமோ?" என்று கேட்டார்கள். "அம்மப்பாவுக்கு எழுத்து வந்திட்டுது" என்றேன். சின்னவன் அந்தக் கடிதத்தைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தான். நீங்கள் வாசிக்க வசதியாகப் பெரிதாகவும் இடம் விட்டும் எழுதுகிறேன்.

ஆனால் சந்தையில் சொன்னது பிழை அப்பா. இனிச் சொல்லவேண்டாம். சேவைக்காலத்தைப் பார்த்தால் முகாமையாளர் பதவி எனக்குத்தான் வரவேண்டும். இராசநாயகம் ஐயாவும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்களைத்தான் மனசிலை வைச்சிருக்கிறன், ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்றார். ஆனால் கந்தோர் இப்போது பழைய கந்தோர் இல்லை.

கணக்குப் பகுதி றிஸானாவைப் பற்றி உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பம். பட்டதாரி. இதுவரை எல்லாரும் ஒரே மேசையில்தான் மத்தியானம் சாப்பிட்டோம். நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறிய நாளிலிருந்து அவள் எங்களோடு இருந்து சாப்பிடுவதில்லை. தன் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு முகாமையாளரின் அறைக்குப் பக்கத்து அறைக்குப் போகிறாள். கதவையும் சாத்திக்கொள்கிறாள். அவர் காதில் எங்களைப் பற்றி ஓதத்தான் போகிறாள் என்று தர்சிகா சொல்கிறாள். தர்சிகாதான் கந்தோருக்கு வரும் தபால்களை உடைப்பவள். எல்லாம் அவளுக்குத்தான் முதலில் தெரியும். எனக்கும் அப்படித்தான் படுகிறது. முகத்துக்கு முன்னால் ஒரு சிரிப்பு, முதுகுக்குப் பின்னால் ஒரு கணக்கு.

இப்போது தேத்தண்ணி போட்டால் அவளிடம் கேட்காமலே போடுகிறோம். நான் உள்ளே போனால் அவள் கதையை நிறுத்துகிறாள். அவள் வந்தால் நாங்கள் நிறுத்துகிறோம். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு கந்தோர் நடக்கிறது.

இதை உங்களுக்கு மட்டும்தான் எழுதுகிறேன். வீட்டில்கூடச் சொல்லவில்லை. மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உதயா


கொடிகாமம்
13.8.2025

என் மகள் உதயகலாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு பின்னேரம் வாசித்தேன். முதல் நாள் எழுத்துக்கூட்டி வாசித்தேன். அடுத்த நாள் அம்மாவுக்கு உரத்து வாசித்தேன். "தேத்தண்ணி" என்ற இடத்தில் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பிள்ளையின் கதிரையை ஒருத்தி பக்கத்து அறையில் இருந்து இழுக்கிறாள். நான் பார்த்துக்கொண்டு இருப்பதா?

அதனால் ஒரு காரியம் செய்தேன். உங்கள் மனேச்சருக்குக் கடிதம் எழுதினேன்.

பயப்படாதே, மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறேன். "ஐயா, நான் தம்பிஐயா. உதயகலாவின் தகப்பன். என் மகள் நேர்மையான பிள்ளை. பொய் சொன்னால் அவளுக்குக் காது சிவந்துவிடும். நீங்களே பார்த்திருப்பீர்கள்" என்று தொடங்கினேன். அதுவரை சொந்தமாக வந்தது. கந்தோர் விசயத்துக்கு வந்ததும் எனக்குச் சொல் வரவில்லை. உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்து, அந்தப் பகுதியைப் பார்த்து அப்படியே எழுதினேன். றிஸானாவின் பெயரை முதலில் போட்டு, கொடி ஏறியதிலிருந்து கணக்கு என்பது வரை ஒரு சொல்லும் விடவில்லை. "முகத்துக்கு முன்னால் ஒரு சிரிப்பு, முதுகுக்குப் பின்னால் ஒரு கணக்கு." எவ்வளவு நல்ல வசனம் பிள்ளை! எழுதும்போதே எனக்குப் பெருமையாக இருந்தது.

சாதாரணத் தபாலில் போட்டால் எங்காவது தவறிவிடும் என்று பதிவுத் தபாலில் அனுப்பினேன். தபால் கந்தோரில் இருந்த பெடியன் மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினான்.

"ஐயா, விரலை வையுங்கோ."

"தம்பி, பேனையைத் தாரும்" என்றேன்.

கையெழுத்து வைத்தேன். பின்னால் நின்ற அடைக்கலநாதன் எட்டிப் பார்த்து, "எட, எப்ப தொடக்கம்?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்வதில்லை.

நீ மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னாய். வைத்துக்கொண்டேன். சந்தையில் ஒருவருக்கும் சொல்லவில்லை. மனேச்சர் வெளியாள் இல்லைத்தானே.

அப்பா


கொக்குவில்
19.8.2025

அப்பா,

என்ன செய்து வைத்திருக்கிறீர்கள்?

பதிவுத் தபாலில் எது வந்தாலும் பதிந்து, அடுத்த கூட்டத்தில் இயக்குநர் சபையின் முன் வைக்கவேண்டும். எங்கள் சங்கத்தின் விதி அது. சாதாரணத் தபாலில் போட்டிருந்தால் முகாமையாளர் கிழித்துப் போட்டிருப்பார். இப்போது அவர் நினைத்தாலும் முடியாது.

உறையை உடைத்தவள் தர்சிகா. கடன் கேட்டு யாரோ வயதானவர் எழுதியிருக்கிறார் என்று நினைத்து, பகிடிக்கு உரத்து வாசிக்கத் தொடங்கினாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். காது சிவக்கும் என்ற இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். தன் பெயர் வந்ததும் தர்சிகாவின் குரல் இறங்கியது. அந்தச் சிரிப்பு, முதுகு வசனம் வந்தபோது வாய் நின்றுவிட்டது. அது நான் தேத்தண்ணி மேசையில் அடிக்கடி சொல்லும் வசனம். கந்தோரில் எல்லாருக்கும் தெரியும்.

றிஸானா எழும்பி என் மேசைக்கு வந்தாள். சத்தம் போடவில்லை.

"உதயாக்கா, உது உங்கடை வசனமெல்லே?"

அவளே தொடர்ந்தாள்.

"கொடி ஏறினால் நீங்கள் எல்லாரும் மச்சம் சாப்பிடமாட்டியள். என்ரை சாப்பாட்டிலை மீன், முட்டை எண்டு ஏதாவது இருக்கும். உங்களுக்கு மணக்கக் கூடாது எண்டுதான் உம்மா என்னைத் தள்ளி இருந்து சாப்பிடச் சொன்னவ. கதவைச் சாத்தினதும் அதுக்குத்தான். நீங்கள் விளங்கியிருப்பியள் எண்டு நினைச்சன்."

அவ்வளவுதான் அப்பா. அதற்குமேல் ஒன்றும் இல்லை. போன வருடத் திருவிழாவுக்குள் அவள் எங்கள் கந்தோருக்கு வந்திருக்கவில்லை, அதனால் எங்களுக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தால் ஒரு வசனத்தில் சொல்லியிருப்பாள். ஒருவரும் கேட்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. முகாமையாளர் மத்தியானத்தில் கந்தோரில் இருப்பதே இல்லை. சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவார். எனக்கு அது இத்தனை வருடமாகத் தெரியும். தெரிந்தும், அவள் அவர் காதில் ஓதுகிறாள் என்று நம்பினேன். ஏன் நம்பினேன் என்று என்னையே கேட்டால் வெட்கமாக இருக்கிறது.

செப்டெம்பர் பதின்மூன்றாம் திகதி இயக்குநர் சபை கூடுகிறது. அடுத்த முகாமையாளர் யார் என்பதையும் அன்றுதான் எடுப்பார்கள். உங்கள் கடிதத்தையும் அன்றுதான் எடுப்பார்கள்.

எனக்கு இனி எழுதவேண்டாம். போனும் எடுக்கவேண்டாம்.

உதயகலா


கொடிகாமம்
31.8.2025

உதயா,

எழுதவேண்டாம் என்று எழுதியிருந்தாய். வாசிக்கத் தெரியாத காலமாக இருந்தால் எனக்கு அது தெரியாமல் போயிருக்கும்.

அம்மா பேனையைப் பறித்து அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டா. இதைப் பென்சிலால் எழுதுகிறேன். "உங்கடை வாயைச் சமாளிக்கவே எனக்கு ஆயுள் காணாது. இப்ப கையும் சேந்திட்டுது" என்கிறா. வகுப்புக்கும் போகவில்லை. ரீச்சர் வீட்டுக்கு வந்து ஏன் வரவில்லை என்று கேட்டா. காய்ச்சல் என்றேன். பொய். என் காது சிவந்ததோ தெரியாது.

முதலில் எனக்கும் கோபம்தான். அதையும் சொல்லிவிடுகிறேன். நீ எழுதியதைத்தான் நான் எழுதினேன். எனக்கு நீ எழுதியபோது அது சரி, மனேச்சருக்கு நான் எழுதியபோது பிழையா? நீ என் பிள்ளை. யாராவது உன் பக்கம் நிற்கவேண்டும் என்றுதானே எழுதினாய்? நின்றேன். அரைவாசிப் பிழை உன்னுடையது என்று எழுதி ஒரு முழுத்தாளை நிரப்பினேன். பிறகு அதை அடுப்பில் போட்டேன்.

ஏன் போட்டேன் என்றால், அந்தப் பிள்ளை றிஸானாவை நான் ஒருநாளும் கண்டதில்லை. கறுப்பா வெள்ளையா, உயரமா கட்டையா, ஒன்றும் தெரியாது. முகம் தெரியாத ஒருத்தியின் முகத்தைப் பற்றி எழுதிவிட்டேன். வாயால் சொல்லியிருந்தால் யாராவது, "உவருக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். எழுதினால் அது அப்படியே நிற்கிறது. ரீச்சர் அதைச் சொல்லித் தரவில்லை.

இப்போது நான் சொல்வதைக் கேள். சபையில் உன்னைக் கேட்டால், "அப்பாவுக்கு வயது போய் மூளை பிசகிவிட்டது. தன் பாட்டில் ஏதோ எழுதிவிட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லு. யாராவது வந்து கேட்டால் நானும் அப்படித்தான் என்பேன். கிழவன் ஒருவனைப் பைத்தியம் என்றால் ஊர் நம்பும். எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. கதிரையை விடாதே.

அப்பா


கொக்குவில்
16.9.2025

அப்பா,

கூட்டம் முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கூட்டத்துக்கு முதல் நாள் தர்சிகா அழுதுகொண்டு என்னிடம் வந்தாள். முகாமையாளர் தன்னிடம், "உங்களைத்தான் மனசிலை வைச்சிருக்கிறன்" என்று சொன்னாராம். இப்போது அது நடக்காது போலிருக்கிறதாம். எனக்குச் சொன்ன அதே சொல். பக்கத்து மேசையில் இருந்த றிஸானாவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும் சொன்னவர் அக்கா. ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டும் சொன்னவர்" என்றாள். எல்லாரும் உசாராக வேலை செய்யட்டும் என்று அவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த ஒரு கதிரையில் நாங்கள் மூன்று பேரும் இரகசியமாக ஏறி இருந்திருக்கிறோம். பக்கத்தில் யார் அசைந்தாலும் தள்ளுகிறார்கள் என்றுதானே படும்?

சபையில் முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். தலைவர் முத்துக்குமாரு ஐயா உங்கள் கடிதத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார். அவருக்கு என்மேல் நல்லெண்ணம். அதனால் பதிலையும் அவரே எடுத்துத் தந்தார்.

"பிள்ளை, அப்பாவுக்கு வயது போட்டுது. உதுகளை அவர் தன்ரை எண்ணத்துக்கு எழுதியிருப்பார். அப்பிடித்தானே?"

ஓம் என்ற ஒரு சொல் போதும். நீங்களும் அதைத்தான் சொல்லச் சொன்னீர்கள். சொல்ல வாயும் எடுத்தேன்.

ஆனால் கடிதம் என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. அதுவரை நான் அதை என் கண்ணால் பார்க்கவில்லை அப்பா, தர்சிகா வாசிக்கக் கேட்டதுதான். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிமிர்ந்து நின்றது. என் பெயர் வரும் இடத்தில் பேனையை அழுத்தி எழுதியிருந்தீர்கள். அதை மூளை பிசகியவர் எழுதியது என்று அந்த மேசையில் பதிய வைத்துவிட்டு, அதற்குமேல் ஒரு கதிரை போட்டு இருக்க என்னால் முடியவில்லை.

"இல்லை ஐயா. அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை. றிஸானாவைப் பற்றி உதிலை இருக்கிற வசனம் முழுக்க என்ரை. நான் எழுதினதை அவர் பார்த்து எழுதினவர். அது பிழையான கதை. பிழை என்ரை" என்றேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, போங்கோ" என்றார்.

பதவி றிஸானாவுக்குப் போய்விட்டது. தை மாதம் பொறுப்பெடுக்கிறாள். அவளுக்குத் தகுதி இருக்கிறது. இதை இப்போது எழுதும்போதும் எனக்கு வலிக்கிறது, மறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

நேற்று மத்தியானம் அவள் வழமைபோல அந்த அறைக்குப் போனாள். திருவிழா எப்போதோ முடிந்துவிட்டது, ஆனாலும் அங்கேதான் போகிறாள். நான் என் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய்க் கதவில் தட்டினேன். கதவைத் திறந்தாள்.

"இருங்கோ அக்கா. ஆனால் இண்டைக்குக் கதைக்க வேண்டாம்."

இருந்தேன். இரண்டு பேரும் கதைக்காமல் சாப்பிட்டோம். எழும்பும்போது தன் முட்டைப் பொரியலில் பாதியை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனாள். கோபமாகத்தான் தள்ளினாள்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு வருகிறேன். அம்மாவிடம் சொல்லுங்கள்.

உதயா


கொடிகாமம்
24.9.2025

என் மகள் உதயகலாவுக்கு அப்பா எழுதுவது,

ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய், சாப்பிட்டாய், போனாய். நான் உன்னோடு ஒன்றும் கதைக்கவில்லை என்று அம்மா என்னை ஏசிவிட்டா. வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அம்மா பேனையைத் திருப்பித் தந்துவிட்டா. "உந்தப் பேனையாலை ஒரு மனேச்சர் வேலை போச்சு. இனிச் சாமான் துண்டு எழுத மட்டும் பாவியுங்கோ" என்று சொல்லித்தான் தந்தா. ஆனால் உன் கடிதத்தைத் திரும்பவும் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறா. தலைவர் கேட்ட இடத்திலிருந்து தொடங்கச் சொல்கிறா. நீ "இல்லை ஐயா" என்று சொல்லும் இடம் வரும்போது, வேலை ஏதும் இல்லாவிட்டாலும் எழும்பிக் குசினிக்குள் போய்விடுகிறா.

நான் முதலில் றிஸானாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். சாதாரணத் தபால்தான். தர்சிகா உடைக்காமல் இருக்க அவளுடைய பெயரை உறையில் பெரிதாக எழுதியிருக்கிறேன். உள்ளே நீளமாக ஒன்றும் இல்லை. "பிள்ளை, நான் உதயகலாவின் தகப்பன். உங்களைக் காணாமல் உங்களைப் பற்றி எழுதிவிட்டேன். அது என் பிழை. புது வேலைக்கு என் வாழ்த்து. கொடிகாமம் பக்கம் வந்தால் எங்கள் வீட்டில் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும்." இவ்வளவும் சொந்த வசனம். இதற்கு நான்கு நாள் எடுத்தது.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். கூட்டத்தில் நடந்ததை எல்லாம் எழுதி வைப்பார்கள் என்று சொன்னாய். அதில் என் பெயரும் இருக்குமா? தம்பிஐயா என்று முழுதாக எழுதியிருக்கிறார்களா, தகப்பன் என்று மட்டும் எழுதியிருக்கிறார்களா? ஒருமுறை பார்த்துச் சொல்லு. அவசரம் இல்லை.

கதிரை போனதில் எனக்கும் கவலைதான். இல்லை என்று சொன்னால் பொய். உன்னை அந்தக் கதிரையில் இருத்திப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கிழமை நான் நடக்கும் நடையைப் பார்த்து, "என்ன தம்பிஐயா, மகளுக்குக் கிடைச்சிட்டுது போலை" என்று அடைக்கலநாதன் கேட்டான். "கிடைக்கேல்லை" என்றேன். "பிறகேன் உந்த நடை?" என்றான். அவனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? விட்டுவிட்டேன்.

பைத்தியம் என்று சொல்லச் சொன்னது நான்தான். நீ சொல்லியிருந்தால் உன்னோடு கோபித்திருக்கமாட்டேன். உன் முன்னால் பழையபடி சிரித்துக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் உதயா, பேனையை மட்டும் பிறகு ஒருநாளும் தொட்டிருக்கமாட்டேன்.

நாளை பின்னேரம் வகுப்பு இருக்கிறது. போகிறேன்.

தம்பிஐயா